வாசல் எந்தப் பக்கம்?

பழைய டெல்லி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து, ரிக்‌ஷாக்காரர்களையும் கூலிகளையும் தாண்டிச் சாலையைக் கடந்தால் டெல்லி பப்ளிக் லைப்ரரி. 1951 அக்டோபர் 27 அன்று நேரு திறந்துவைத்தார். யுனெஸ்கோவும் இந்திய அரசும் சேர்ந்து தொடங்கிய முன்னோடித் திட்டம் அது. கொலம்பியாவின் மெடலின் நகரத்திலும் நைஜீரியாவின் எனுகுவிலும் பிற்பாடு இதே மாதிரி நூலகங்கள் வந்தன. அவற்றுக்கெல்லாம் டெல்லி மூத்தது. நூலகவியல் படித்தவர்களுக்கு இவ்வளவும் தெரிந்திருக்கும். அந்த நூலகம் முதலில் எந்தக் கட்டடத்தில் குடியேறியது என்பது அவ்வளவாகப் பேச்சில் வராது. அதற்குப் பெயர் வேவல் கேன்டீன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிப்பாய்களுக்காக ஏற்பட்ட இடம். பிரிவினை நேரத்தில் அகதிகள் அங்கே ஒண்டியிருந்தார்கள். பட்டாளம் போய், அகதிகள் போய், கடைசியில் புத்தகம் வந்தது.

நான் டெல்லியில் பள்ளி நூலகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பழைய ராணுவக் கட்டடங்களைப் பொது நூலகமாக்கலாமா என்று யாராவது கேட்டால், தாராளமாக ஆக்கலாம் என்பேன். ஆனால் எந்தக் கட்டடத்தை, எப்படி என்பதில் எனக்குக் கறாரான அபிப்பிராயம் உண்டு. இந்த ஊரில் அதற்கு நல்ல உதாரணங்களும் கிடைக்கின்றன, தவறவிட்ட வாய்ப்புகளும் கிடைக்கின்றன. எல்லாம் ஒரு பகல் பொழுதில் சுற்றிப் பார்த்துவிடக்கூடிய தூரத்தில்தான் இருக்கின்றன.

அதற்கு முன், இது ஏன் எனக்கு இத்தனை முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன்.

கரோல் பாக்கில் எங்கள் வீட்டிலிருந்து பழைய ராஜேந்தர் நகர் நடந்து போகிற தூரம். ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிக்கத் தமிழ்நாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் பலர் அங்கேதான் அறை எடுத்துத் தங்குகிறார்கள். அறை என்றால் ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும். படிக்க ‘லைப்ரரி’க்குப் போவார்கள். அந்தப் பக்கத்து லைப்ரரிகளில் பெரும்பாலும் புத்தகம் இருக்காது. பலகை வைத்துத் தடுத்த ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, போன் சார்ஜ் போட ஒரு பிளக், இவற்றுக்கு மாத வாடகை. 2024 ஜூலை 27 அன்று மாலை மழைத்தண்ணீர் அங்கே ஒரு பயிற்சி மையத்தின் அடித்தளத்துக்குள் பாய்ந்தது. அந்த அடித்தளத்தை நூலகமாக நடத்திக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் மூழ்கி இறந்தார்கள். உத்தரப் பிரதேசத்துப் பெண் ஒருத்தி, தெலங்கானாப் பெண் ஒருத்தி, கேரளத்துப் பையன் ஒருவன்.

காற்றும் வெளிச்சமும் உள்ள ஒரு மேஜை, காசில்லாமல், ஒரு பிள்ளைக்கு இந்தத் தலைநகரத்தில் கிடைக்கவில்லை. இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை. காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்பதற்காகவே கணக்குப் போட்டுக் கட்டிய கட்டடங்கள் இதே ஊரில் நிற்கின்றன என்பது அதைவிடப் பெரிய வேதனை.

சிப்பாய்கள் தங்குவதற்கென்று கட்டிய பாரக்குகளைத்தான் சொல்கிறேன்.

இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் செத்துக்கொண்டிருந்தார்கள் என்று 1863-ல் ஓர் அரச விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. சண்டையில் செத்தவர்கள் சொற்பம். காலராவும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமே அள்ளிக்கொண்டு போயின. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. முகாம் முகாமாக வரவழைத்த அறிக்கைகளைப் படித்தே, வடிகால் சரியில்லை, குடிநீர் சரியில்லை, ஆட்களை அடைத்துப் படுக்கவைக்கிறீர்கள், காற்று இல்லை என்று எழுதித் தள்ளினார். அதற்குப் பிறகு எழும்பிய பாரக்குகளில் கூரை உயர்ந்தது. நீளமான கூடம், இரண்டு பக்கமும் தாழ்வாரம், எதிரெதிரே ஜன்னல், மேலே சூடான காற்று வெளியேறத் துவாரம் என்று ஒரு வடிவம் வந்தது. தலைக்கு இத்தனை கன அடி காற்று என்று விதி போட்டார்கள்.

சிப்பாய் சாகாமல் இருக்கப் போட்ட அந்தக் கணக்கு, உட்கார்ந்து படிக்கிற ஆளுக்கும் அப்படியே பொருந்துகிறது. நீளமான கூடத்தின் நடுப்பகுதியில் வெளிச்சம் மங்கலாகத்தான் இருக்கும். அங்கே அலமாரிகளைப் போட வேண்டும். புத்தகத்துக்கு வெயில் ஆகாது. ஜன்னலோரமும் தாழ்வாரமும் வாசகருக்கு. வேண்டிய புத்தகத்தை இருட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்து உட்காரலாம். சுவரின் கனம் காரணமாக ஜன்னல் விளிம்பே ஒரு ஆள் உட்காரும் திண்ணை அகலத்துக்கு இருக்கும். புதிதாகக் கட்டுகிற எந்த நூலகத்திலும் அந்த இடத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

டெல்லியில் பாரக் என்றால் முதலில் நினைவுக்கு வருவது செங்கோட்டை. ஷாஜகான் 1639-ல் ஆரம்பித்து 1648-ல் முடித்த கோட்டை. 1857 எழுச்சியை அடக்கிய கையோடு, உள்ளே இருந்த அரண்மனைக் கட்டடங்களில் பெரும்பகுதியை பிரிட்டிஷார் இடித்துத் தள்ளிவிட்டு, பட்டாளத்துக்குக் கட்டடம் எழுப்பினார்கள். அதனால் இந்த பாரக்குகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு இரண்டாகப் பிரியும். இடித்ததை நினைத்தால் கோபம் வரும். நிற்பதைப் பார்த்தால், இவ்வளவு திடமான கட்டடத்தை வீணாக்கக் கூடாது என்று தோன்றும். சுதந்திரத்துக்குப் பிறகும் ராணுவம் அங்கேயே இருந்தது. 2003 டிசம்பரில்தான் தொல்லியல் துறையிடம் கோட்டையை ஒப்படைத்தார்கள். 2007-ல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. 2019 ஜனவரி 23 அன்று பாரக்குகளில் அருங்காட்சியகங்களைத் திறந்தார்கள். நேதாஜிக்கும் அவருடைய இந்திய தேசிய ராணுவமான ஐ.என்.ஏ.வுக்கும் ஒன்று, ஜாலியன்வாலா பாக்குக்கு ஒன்று, 1857-க்கு ஒன்று, ஓவியங்களுக்கு ஒன்று.

ஐ.என்.ஏ. என்றால் நமக்குச் சும்மா கடந்து போகிற விஷயமா? மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து அந்தப் படையில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்ற கேப்டன் லட்சுமி சென்னைப் பெண். 1945 நவம்பரில் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவர்மீதும் இந்தக் கோட்டைக்குள்தான் ராணுவ விசாரணை நடந்தது. அந்த பிரேம் சேகலைத்தான் லட்சுமி பின்னால் மணந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற சீருடையை ஐந்து நிமிடம் பார்க்கலாம், பத்து நிமிடம் பார்க்கலாம். அதைப் போட்டிருந்த ஆட்கள் என்ன யோசித்தார்கள், ஏன் போனார்கள், திரும்பி வந்தவர்கள் கதி என்ன என்று தெரிந்துகொள்ள மேஜையும் புத்தகமும் வேண்டும். ஓர் அருங்காட்சியகத்தை ஒட்டி ஒரு வாசகசாலை இருக்க வேண்டும் என்று நான் எந்த ஊருக்குப் போனாலும் சொல்வேன்.

என் உறவில் மாமா முறை ஆகிற ஒருவர் மயூர் விஹாரில் இருக்கிறார். வேலூர்ப் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து வெளியே வந்தவர். கொஞ்ச காலம் செங்கோட்டைக்குள்ளும் டூட்டி பார்த்தவர். அவரைக் கூட்டிக்கொண்டு போய் பாரக்குகளைச் சுற்றிக் காட்டினேன். உண்மையில் அவர்தான் எனக்குக் காட்டினார். ஒரு தாழ்வாரத்தில் நின்று தூணைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“மே மாசம் ரூமுக்குள்ள படுக்க முடியாதும்மா. கட்டிலத் தூக்கிட்டு வராந்தாவுக்கு வந்துருவோம். ராத்திரி ரெண்டு மணிக்கு மேல காத்து வரும் பாரு, அப்பத்தான் தூக்கமே.”

“இதே வராந்தாவுல மேஜை போட்டா எப்படி இருக்கும் மாமா? படிக்கிற பிள்ளைங்களுக்கு.”

“நல்லாத்தான் இருக்கும். ஆனா கேட்டுல நிக்கிறவன்கிட்ட என்ன சொல்லுவ?”

“எந்த கேட்டு?”

“லாகூரி கேட்டு. பட்டாளத்து எடத்துல செவுரு, கூரையெல்லாம் அப்புறந்தாம்மா. மொதல்ல கேட்டு. யாரெல்லாம் வரலாம்னு யோசிச்சு அத வெக்க மாட்டாங்க. எவன் வரக் கூடாதுன்னு யோசிச்சுத்தான் வெப்பாங்க.”

கட்டடத்தின் கனத்தையும் காற்றையும் பற்றி நான் சேர்த்து வைத்திருந்த அத்தனை வாதத்தையும் விட அந்த ஒரு பேச்சு பெரியது. செங்கோட்டைக்குள் நுழைய டிக்கெட் எடுக்க வேண்டும். பையைச் சோதனை போடுவார்கள். 2000 டிசம்பரில் பயங்கரவாதிகள் உள்ளே புகுந்து சுட்ட இடம் அது, சோதனை போடத்தான் வேண்டும். திங்கட்கிழமை மூடல். ஆகஸ்ட் 15 நெருங்கினால் பல நாள் பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. சாயங்காலம் வேலை முடிந்து, கையில் காய்கறிப் பையோடு, கெடு முடிந்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வருகிற ஒரு பெண்ணை இந்த வாசலில் நினைத்துப் பாருங்கள். அவள் இரண்டாவது தடவை வர மாட்டாள். அங்கே ஆராய்ச்சிக்கு ஒரு வாசகசாலை வைக்கலாம், அருங்காட்சியகத்துக்குத் துணையாக. அதைப் பொது நூலகம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

தீன் மூர்த்தி பவனுக்கும் இதே கதைதான், கொஞ்சம் நாகரிகமான வடிவத்தில். இன்று அதைப் பிரதமர்களோடு சேர்த்தே பேசுகிறோம். ஆனால் ராபர்ட் டோர் ரஸ்ஸல் அதை வடிவமைத்தது பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதி குடியிருக்க. அப்போது அதன் பெயர் ஃப்ளாக்ஸ்டாஃப் ஹவுஸ். வாசலுக்கு எதிரே நிற்கும் மூன்று சிலைகளும் சிப்பாய்கள்தான். முதல் உலகப் போரில் மேற்கு ஆசியாவில் சண்டையிட்ட ஐதராபாத், மைசூர், ஜோத்பூர் சமஸ்தானக் குதிரைப்படையினருக்கான நினைவு. 1948-ல் நேரு அந்த வீட்டுக்குக் குடிவந்தார். அவர் 1964 மே மாதம் இறந்ததும் அதே ஆண்டு நவம்பர் 14 அன்று நினைவு அருங்காட்சியகமும் நூலகமும் ஆனது. நூலகத்துக்கென்று தனிக் கட்டடம் 1974-ல் வளாகத்துக்குள் வந்தது. 2023-ல் பெயரும் மாறிவிட்டது.

தற்கால இந்திய வரலாற்றுக்கு அதைவிடச் சிறந்த நூலகம் நாட்டில் இருக்கிறதா என்பது சந்தேகம். தனிமனிதர்களின் கடிதங்கள், பழைய பத்திரிகைகளின் மைக்ரோஃபிலிம், வாய்மொழி நேர்காணல்கள் எல்லாம் அங்கே உண்டு. ஆய்வாளர்கள் அந்த இடத்தை உயிராக மதிக்கிறார்கள், நானும் மதிக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு தளபதி தன் வீட்டுக்குத் தேர்ந்தெடுத்த இடம், ரோட்டிலிருந்து தள்ளி, சுற்றிலும் மரமும் மதிலும் காவலுமாக இருக்கும். வீடு நூலகமான பிறகும் அந்தத் தள்ளி இருக்கிற குணம் போகவில்லை. அறிமுகக் கடிதத்தோடு வருகிறவருக்கு அது பொக்கிஷம். சாலையில் போகிறவர் மழைக்கு ஒதுங்கிப் படிக்க நுழைகிற இடமாக அது ஆகவில்லை.

இப்போது வேவல் கேன்டீனை நினைத்துக்கொள்ளுங்கள். தாஜ்மகால் மாதிரிக் கட்டடக்கலை ஒன்றும் கிடையாது. போர்க்காலத்து அவசரத் தேவைக்கு வந்த கட்டடம். ஆனால் கேன்டீன் என்பது ராணுவக் கட்டடங்களிலேயே ஒரு விதிவிலக்கு. ஆள் வரவேண்டும், நிறைய வரவேண்டும், வந்து உட்காரவேண்டும் என்று யோசித்து இடம் பார்க்கிற ஒன்று. அதனால்தான் அது ரயில் நிலையத்துக்கு எதிரே, ரோட்டின்மேல் இருந்தது. நூலகம் அந்த வாசலைத்தான் வாரிசாகப் பெற்றது. சேர்வதற்குக் கட்டணம் இல்லை. வாசகர் தாமே அலமாரிவரை போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கலாம்; அந்தக் காலத்து இந்தியாவில் பல நூலகங்களில் புத்தகங்களைப் பூட்டி வைத்து, சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் எடுத்துத் தருவார்கள். குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும் நிகழ்ச்சிகள். எல்லாம் ஒரு சிப்பாய் கேன்டீனில்.

கட்டடத்தைப் பற்றி ஒன்றுமே கவலைப்பட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நூலகராக இருந்த எனக்கு அந்தக் கவலைகள் நன்றாகத் தெரியும்.

முதல் கவலை எடை. காகிதம் எவ்வளவு கனம் என்பது வீடு மாற்றியவர்களுக்குத் தெரியும். வீட்டுத் தளத்துக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமை என்று கணக்கிட்டுக் கட்டுவார்கள். புத்தக அடுக்குக் கூடத்துக்கு, 2.2 மீட்டர் உயர அலமாரிக்கே, சதுர மீட்டருக்குச் சுமார் 600 கிலோ தாங்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875. அதற்கு மேல் உயரம் கூடக் கூட எடையும் கூடும். வாசிப்புக் கூடத்துக்கு அதில் பாதி போதும். பழைய பாரக்கின் மாடி, இரும்பு உத்திரங்களுக்கு நடுவே செங்கல் வளைவு போட்டு எடுத்ததாக இருந்தால், கட்டிலும் டிரங்குப் பெட்டியும் ஆட்களும் தாங்கும். வரிசையாக நிறுத்திய இரும்பு அலமாரிகளைத் தாங்குமா என்று பொறியாளர் ஒருவர் உத்திரத்தின் துருவைச் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். எனவே அடுக்குகள் கீழ்த்தளத்தில், வாசகர் மாடியில் என்பது பாதுகாப்பான ஏற்பாடு. அப்போது சக்கர நாற்காலியில் வருகிறவர் மாடிக்குப் போக என்ன வழி என்ற கேள்வி வரும். லிஃப்டை உள்ளே நுழைக்கத் தளத்தை அறுக்கக் கூடாது. கட்டடத்தை ஒட்டி வெளியே தனிக் கூண்டாக நிறுத்தி, ஒரு ஜன்னலை மட்டும் வாசலாக்கினால் போதும். நாளைக்கு வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம். கீழே ஒரு பகுதியை முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒதுக்கிவிட வேண்டும். லிஃப்ட் பழுதாகிற நாளும் வரும்.

இரண்டாவது ஈரம். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் வேலை செய்த ஒரு பள்ளியில் நூலகம் இருந்தது ஒரு பழைய சுண்ணாம்புக் காரைக் கட்டடத்தில். பழுது பார்க்கிறேன் என்று யாரோ அதன் உள்சுவருக்கு சிமென்ட் பூசி, எனாமல் பெயின்ட் அடித்துவிட்டார்கள். பார்க்கப் பளபளவென்று இருந்தது. இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை. பெயின்ட் கொப்பளித்தது. நகத்தால் தட்டினால் வட்ட வட்டமாகப் பெயர்ந்து விழும். உள்ளே வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். சுவரை ஒட்டியிருந்த அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து கலைக்களஞ்சியத் தொகுதி ஒன்றை இழுத்தேன். பின்னட்டை வரவில்லை, சுவரோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தால் பக்கங்கள் தகடு தகடாகச் சேர்ந்து வந்தன. நடுவில் ராமபாணப் பூச்சி போட்ட பாதை, இருபது முப்பது பக்கம் ஊடுருவி. பழைய சுவர் மூச்சு விடும். தரையிலிருந்து ஏறுகிற ஈரத்தைச் சுண்ணாம்பு உறிஞ்சி வெளியே விட்டுவிடும். சிமென்ட் அதன் வாயை அடைத்துவிட்டது. ஈரம் போக வழியில்லாமல் புத்தகத்துக்கு வந்தது.

ஆகவே பழைய ராணுவக் கட்டடம் எதில் கைவைத்தாலும் சிமென்ட் மூட்டையை வாசலிலேயே நிறுத்த வேண்டும். சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் பொடியும் கலக்கத் தெரிந்த கொத்தனார் டெல்லியில் இன்னும் இருக்கிறார்கள். நம் ஊரில் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பு அரைப்பார்கள் என்று அப்படி ஒரு கொத்தனாரிடம் சொன்னபோது, தானும் வெல்லம் போடுவது உண்டு என்றார், பெருமையாக. அலமாரிகள் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்க வேண்டும். மின்கம்பிக்காகச் சுவரைக் குடையக் கூடாது, மேலே குழாயில் ஓடட்டும். நவீன நூலகம் என்றால் கண்ணாடியும் பொய்க்கூரையும் குளிர்சாதனமும் என்று ஒப்பந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். உயரமான கூரையைப் பொய்க்கூரை போட்டு மறைத்துவிட்டுப் பிறகு ஏ.சி. வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. அந்த உயரம்தானே அந்தக் கட்டடத்தின் குளிர்ச்சி? இணையம், கணினி, பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள், மின்னூல் எல்லாம் கட்டாயம் வேண்டும். அவற்றில் எதுவும் கூரையை மறைக்கச் சொல்லவில்லை.

மூன்றாவது, இடம் போதாமை. இங்கே சீர்காழிக்காரர் ஒருவரைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். எஸ்.ஆர். ரங்கநாதன். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது 1931-ல் அவர் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் கடைசி விதி, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்பது. 1947-ல் அவர் டெல்லிக்கு வந்து, பல்கலைக்கழகத்தில் நூலகவியல் கற்பித்தார். டெல்லி பப்ளிக் லைப்ரரி பிறந்தபோது அவர் இதே ஊரில்தான் இருந்தார். சுதந்திர இந்தியாவில் முதலாவதாக 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்துக்கும் அவரே காரணம்.

வளர்கிற உயிரை வளர முடியாத கூட்டில் வைக்கலாமா? பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்றால், நினைவுச்சின்னங்கள் சட்டத்தின் 2010 திருத்தத்தின்படி அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடமே கூடாது. அந்தத் தடை நியாயமானது. அது இல்லையென்றால் டெல்லியில் பாதிச் சின்னங்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். ஆக, சரித்திரக் கட்டடத்துக்குள் வைக்கிற நூலகம் வேறு விதமாக வளர வேண்டும். டெல்லி பப்ளிக் லைப்ரரி அதைச் செய்து காட்டியது. 1953-லேயே நடமாடும் நூலக வண்டிகளை விட்டது, பிறகு கிளைகள். மன்னார்குடியில் 1931-லேயே மாட்டுவண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போனது, அதை ரங்கநாதன் கொண்டாடினார் என்பது தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கலாம். பாரக்கை மையமாக வைத்துக்கொண்டு, எல்லாப் புத்தகத்தையும் அங்கேயே குவிக்காமல், அதிகம் கேட்கிற புத்தகங்களை மட்டும் அங்கே வைத்து, மற்றதை வேறிடத்தில் பாதுகாத்து மறுநாள் வரவழைத்துக் கொடுக்கலாம். அடுக்கு குறையும், நாற்காலி கூடும், மாடிக்கும் ஆபத்தில்லை.

காஷ்மீரி கேட் பக்கம் போனால் இந்தக் கதை தலைகீழாக நடந்த இடம் ஒன்று இருக்கிறது. ஷாஜகானின் மூத்த மகன் தாரா ஷிகோவின் நூலகம். 1657-ல் உபநிடதங்களைப் பாரசீகத்தில் கொண்டுவந்தவர். இரண்டே ஆண்டில், 1659-ல், தம்பி ஔரங்கசீப்பின் கட்டளையில் கொல்லப்பட்டார். அந்தக் கட்டடத்தை 1803-க்குப் பிறகு முகலாய அரசவைக்கான பிரிட்டிஷ் பிரதிநிதி, அதாவது ரெசிடென்ட், டேவிட் ஆக்டர்லோனி தன் இருப்பிடமாக்கிக்கொண்டார். அவர் ஒரு படைத்தலைவர். 1804-ல் மராத்திய மன்னர் ஹோல்கரின் படையிடமிருந்து டெல்லியைக் காத்தவர். நூலகத்தைப் பட்டாளத்துக்காரர் வீடாக்கினார். முன்பக்கம் ஐரோப்பியத் தூண்கள் வந்தன, உள்ளே முகலாயத் தூண்கள் நின்றன. பிறகு கல்லூரி, பள்ளி, தொல்லியல் அலுவலகம். 2023-லிருந்து பிரிவினை அருங்காட்சியகம். பக்கத்துச் சாலையின் நடுவிலேயே, 1857 மே 11 அன்று பிரிட்டிஷாரே வெடிவைத்துத் தகர்த்த ஆயுதக்கிடங்கின் வாசல் வளைவுகள் தனியாக நிற்கின்றன, இரண்டு பக்கமும் பஸ் போகிறது.

பிரிவினை அருங்காட்சியகம் அவசியமானது, அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் இந்த நகரத்தில் நூலகமாகவே பிறந்த கட்டடங்களில் ஒன்று அது. மூன்று மெட்ரோ பாதைகள் கூடுகிற காஷ்மீரி கேட் நிலையம் பக்கத்திலேயே. வெளியூர்ப் பேருந்து நிலையமும் அங்கேதான். ஒரு கூடத்தை, ஒரு தாழ்வாரத்தையாவது, சாலைப் பக்கம் தனி வாசல் திறந்து, டிக்கெட் இல்லாமல், வாசகர்களுக்குக் கொடுத்தால் தாரா ஷிகோவுக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேறில்லை என்று நினைக்கிறேன். மாமாவிடம் சொன்னபோது அவர் வரைபடம் கேட்டார். போட்டுக் காட்டினேன். வாசலுக்கு அவர் விரல் வைத்த இடமும் நான் விரல் வைத்த இடமும் ஒன்று.

வாசல் திறந்தால் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். அலுவலக நேரத்தில் மட்டும் திறக்கிற நூலகம் வேலை இல்லாதவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும்தான் உதவும். காலை எட்டு முதல் இரவு பத்து. குடிதண்ணீர், சுத்தமான கழிவறை, பெண்கள் இருட்டிய பிறகு மெட்ரோவரை நடந்து போக வெளிச்சமான பாதை. சென்னையில் 2011-ல் அண்ணா நூற்றாண்டு நூலகத்தை மருத்துவமனையாக்கப் போவதாக அரசு அறிவித்ததும் மக்கள் நீதிமன்றம்வரை போய்க் காப்பாற்றினார்களே, அது கட்டடத்தின் மேல் வைத்த ஆசையா? தினமும் போய் உட்கார்ந்த இடம் என்பதால் வந்த உரிமை. டெல்லியில் அந்த உரிமை வர, முதலில் போய் உட்கார இடம் வேண்டும்.

டெல்லித் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ராமகிருஷ்ணபுரத்தில் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது, நமக்குத் தெரியும், நாம் போகிறோம். அதோடு நிறுத்திவிடுகிறோம். 1954-ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியும் நான்கு நூலகங்களுக்குப் போக வேண்டும். சென்னையில் கன்னிமாரா அவற்றில் ஒன்று. டெல்லியில் அந்தத் தகுதி உள்ளது டெல்லி பப்ளிக் லைப்ரரி. தமிழ்ப் பதிப்பாளர் அனுப்ப வேண்டிய பிரதிக்கு அங்கே சட்டப்படியே இடம் இருக்கிறது. அது அலமாரிக்கு வருவதும் கட்டுப் பிரிக்காமலே கிடப்பதும், கேட்கிற ஆளைப் பொறுத்தது. பள்ளி நூலகத்தில் நான் கண்டது இது: ஒரு புத்தகத்தை மூன்று பிள்ளைகள் அடுத்தடுத்துக் கேட்டால், அடுத்த வாரம் அது எடுக்க வசதியான தட்டுக்கு வந்துவிடும்.

சாந்தினி சௌக் மெட்ரோவில் இறங்கி, ரயில் நிலையம் போகிற வழியில் வெளியே வாருங்கள். சியாமா பிரசாத் முகர்ஜி மார்க். அடையாள அட்டை எடுத்துக்கொண்டு போய் உறுப்பினராகுங்கள். தமிழ்ப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். நீங்கள் கேட்ட தலைப்பு இல்லையென்றால் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், பெயரும் உறுப்பினர் எண்ணும் போட்டு.